செப்பிலியும் தூண்டிலும்

கடற்கரையூரில் பிறந்தவர்களுக்குச் செப்பிலி மீனைப் பற்றிப் புதிதாக என்ன சொல்லிவிட முடியும் என்று சிலர் எண்ணலாம். வலையிலிருந்து உதறும்போதும், ஏலம் கூறும்போதும், கூடையில் ஏற்றும்போதும் அவர்கள் நாள்தோறும் காணும் மீன் அது. ஆயினும், நாள்தோறும் காணும் பொருளைப் பற்றியே நாம் மிகக் குறைவாக அறிந்திருக்கிறோம் என்பது உலகியல்பு. அந்த மீன் எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, எத்தனை ஆண்டு வாழக்கூடியது என்று கேட்டால், நம்மில் பலர் விழிக்கவே நேரும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு விழித்தவன்தான். ஆஸ்திரேலிய நாட்டில் ஓர் ஆற்றங்கரையில் தூண்டில் விளையாட்டைக் கண்ட பிறகே அதன் வரலாற்றை ஒழுங்காகக் கற்றேன். அவ்வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

செப்பிலி என்பது ஒரே மீனின் பெயரன்று. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெரிய மீன் குடும்பம் ஒன்று வெப்பக் கடல்களில் பரவியிருக்கிறது. அதனைச் சேர்ந்த பல மீன்களை நம் கரையில் செப்பிலி என்றே வழங்குவர். அவற்றுள் ஒன்றனை ஆஸ்திரேலியர் ‘மாங்குரோவ் ஜாக்’ என்று செல்லமாக அழைக்கின்றனர். கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே ஒளிந்து வாழும் குறும்பன் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆப்பிரிக்காவின் கீழைக் கரை தொடங்கிப் பசிபிக் பெருங்கடலின் சமோவாத் தீவுகள் வரையிலும் இம்மீன் உண்டு. நம் தமிழகக் கரையும் அவ்வெல்லைக்குள் அடங்குகிறது. இனி நான் செப்பிலி என்று சொல்லும்போது இந்த ஓர் இனத்தையே குறிக்கிறேன் என்று கொள்க.

இதற்கு அறிவியற் பெயர் சூட்டியவரின் கதை உருக்கமானது. 1761-ஆம் ஆண்டில் டென்மார்க் மன்னரின் ஆதரவில் அறிஞர் குழு ஒன்று அரேபியாவுக்குப் புறப்பட்டது. அதில் பீட்டர் ஃபோர்ஸ்கால் என்னும் இளைஞர் இயற்கை ஆராய்ச்சியாளராகச் சென்றார். செங்கடலில் பிடிபட்ட மீன்களை, செடிகொடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாப்பது போலவே, தோலை உரித்து உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாத்தார். கோபன்ஹேகன் நகரத்து அருங்காட்சியகத்தில் அத்தகைய மீன் ஏடுகள் இன்றும் உள்ளன. ஆனால் ஃபோர்ஸ்கால் நாடு திரும்பவில்லை. 1763-இல் ஏமன் நாட்டில் முப்பத்தோராம் வயதில் நோய்வாய்ப்பட்டு இறந்தார். குழுவினர் ஒருவர் பின் ஒருவராக மடிய, கார்ஸ்டன் நீபூர் ஒருவரே உயிரோடு ஊர் சேர்ந்தார். அவர் தம் நண்பரின் குறிப்புகளைத் தொகுத்து 1775-இல் நூலாக வெளியிட்டார். ‘வெள்ளிப் புள்ளியுடையது’ என்று பொருள்படும் இலத்தீன் பெயரால் நம் செப்பிலி உலக அறிவியலுக்கு அறிமுகமானது அந்நூலிலேதான். பின்னர் 1790-இல் பிளாக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இந்த மீன் இனத்தொகுதிக்கு ‘லுட்ஜானஸ்’ என்று பெயரிட்டார். அது மலாய் மொழிச் சொல் ஒன்றிலிருந்து பிறந்தது. ஆகவே, அறிவியலின் இலத்தீன் உடைக்குள் நம் அண்டை நாட்டு மீனவரின் சொல் மறைந்திருக்கிறது என்பதை மாணவர்கள் நினைவில் வைக்கலாம்.

செப்பிலியின் உருவத்தைச் சற்றே நோக்குவோம். திரண்ட உடல், வலிய வால், முதுகில் பத்து முட்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். மேல் தாடையில் நாய்ப்பல் போன்ற கூரிய பற்கள் சில முன்னே நீண்டிருக்கும். முதுகு பசுமை கலந்த பழுப்பாகத் தொடங்கிப் பக்கங்களில் செம்மை பாய்ந்திருக்கும். ஆழ்கடலில் பிடிபடுவன மேலும் சிவந்து தோன்றும். இளமீனோ வேறு வேடம் பூண்டிருக்கும். அதன் பக்கங்களில் வெண்ணிறப் பட்டைகள் குறுக்கே ஓடும். கன்னத்தில் நீலக் கோடு ஒன்றோ இரண்டோ இருக்கும். நிழலும் வெயிலும் கோடு கோடாக விழும் வேர்க்காட்டுக்குள் மறைந்துகொள்ள இவ்வேடம் உதவும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். நண்டு, இறால், சிறு மீன் ஆகியவை இதற்கு உணவு. இருள் சூழும் வேளையிலும் இரவிலும் இது மிகுதியாக வேட்டையாடும். நன்கு வளர்ந்த செப்பிலி பத்துக் கிலோவைத் தாண்டுவதும் உண்டு.

இதன் வாழ்க்கையோ இரண்டு உலகங்களில் நடைபெறுவது. முதிர்ந்த செப்பிலிகள் கரையிலிருந்து விலகிய பவளப் பாறைகளிலும், நூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுள்ள கடலடியிலும் வாழ்கின்றன. அங்கேதான் முட்டையிடுகின்றன. ஒரு பெண்மீன் பத்து இலட்சத்துக்கு மேலும் முட்டைகளை நீரில் சொரியும். ஒவ்வொரு முட்டையும் ஒரு மில்லிமீட்டரினும் சிறியது; அதனுள் ஒரு துளி எண்ணெய் இருப்பதால் நீரில் மிதக்கும். ஏறத்தாழ ஒரு நாளுக்குள் குஞ்சு வெளிப்படுகிறது. கண்ணுக்குப் புலப்படாத அக்குஞ்சுகள் சுமார் ஒரு மாத காலம் நீரோட்டத்தோடு அலைகின்றன. பெரும்பாலானவை பிற உயிர்களுக்கு இரையாகிவிடும். எஞ்சிய சிலவே ஆற்றின் கழிமுகத்தை அடைந்து, கண்டற் காட்டுக்குள் புகலிடம் தேடுகின்றன. அங்கிருந்து சில, கடலின் ஏற்றவற்றம் எட்டாத நன்னீர்ப் பகுதிக்கும் ஏறிச் செல்லும்.

உப்பு நீரில் பிறந்த உயிர் நன்னீரில் வாழ்வது எளிய செயலன்று. நன்னீரில் மீனின் உடலைவிட வெளிநீர் உப்புக் குறைந்தது. ஆதலின் நீர் இடைவிடாது உடலுக்குள் புகும். மீனின் சிறுநீரகம் அந்த மிகைநீரை வெளியேற்றிக்கொண்டே இருக்க, செவுள்கள் நீரிலுள்ள சிறிதளவு உப்பையும் ஈர்த்துச் சேமிக்க வேண்டும். கடலிலோ நிலைமை தலைகீழாகும். உடலின் நீர் வெளியேறிவிடுவதால் மீன் கடல்நீரைக் குடித்து, மிகையான உப்பைச் செவுள் வழியே கழிக்க வேண்டும். ஒரே செவுளைக் கொண்டு இவ்விரு தொழிலையும் மாற்றி மாற்றிச் செய்யும் திறம் செப்பிலிக்கு வாய்த்திருக்கிறது. இவ்வாறு ஆற்றிலும் கழிமுகத்திலும் எட்டு, பத்து ஆண்டுகளைக் கழித்த பின்னரே அது தான் பிறந்த கடற்பாறைகளை நோக்கிப் புறப்படுகிறது.

இனி, தூண்டிலுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கிலுள்ள குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் ஜான்ஸ்டன் என்றோர் ஆறு இருக்கிறது. மழைக்காட்டு மலைகளில் தோன்றி, கரும்புத் தோட்டங்களுக்கிடையே ஓடி, இன்னிஸ்ஃபெயில் என்னும் ஊரருகே கடலில் கலப்பது. அங்குள்ள நண்பர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் என்னைத் தம் சிறு படகில் அழைத்துச் சென்றார். உவர்நீர் முதலைகள் வாழும் ஆறு அது. ஆகவே கரையில் இறங்காமல் படகிலிருந்தபடியே தூண்டில் வீச வேண்டும். நண்பர் பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பவர். அதை ஒரு கலையாகவே பயின்றவர். அவரது தூண்டிலில் புழுவோ இறாலோ இல்லை. சிறு மீன் போல் வண்ணம் தீட்டிய பொய்யிரை ஒன்றுதான் இருந்தது. ஆற்றில் விழுந்து கிடந்த மரத்தின் கிளைகளுக்கு ஒரு சாண் தொலைவில் அதனை விழச் செய்தார். ஒரு முழம் தள்ளி விழுந்தால் செப்பிலி வெளியே வராது. ஒரு சாண் உள்ளே விழுந்தால் முள் கிளையில் சிக்கிக்கொள்ளும். அத்துணை நுட்பம் அந்த வீச்சுக்கு வேண்டும்.

செப்பிலி இரையைத் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை. பதுங்கியிருந்து பாய்ந்து கவ்வும். கவ்விய அக்கணமே உடலைத் திருப்பித் தன் புகலிடத்துக்குள் நுழைய முயலும். முதல் இரண்டு நொடிகளுக்குள் அதனைத் தடுத்து நிறுத்தாவிட்டால், நூல் வேரில் சுற்றி அறுந்துபோகும். அன்று நண்பர் இருமுறை தோற்றார். இருமுறையும் கோல் வில்லாக வளைந்தது, நூல் அறுந்தது, நீர் மீண்டும் அமைதியாயிற்று. மூன்றாம் முறை மீன் படகுக்கு வந்தது. நண்பர் கையை நீரில் நனைத்துக்கொண்டு, அளவுகோல் பதித்த ஈரப் பலகையில் மீனைக் கிடத்தினார். வாலின் நுனி 38 சென்டிமீட்டரைத் தொட்டது. அம்மாநிலத்துச் சட்டப்படி 35 சென்டிமீட்டருக்குக் குறைந்த செப்பிலியை வைத்துக்கொள்ளலாகாது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய மீன்களும் ஐந்துக்கு மிகலாகாது. ஆகவே இந்த மீனை அவர் தாராளமாக எடுத்துச் சென்றிருக்கலாம். ஆனால் அவர் முள்ளை மெல்லக் கழற்றி, மீனை இரு கைகளாலும் தாங்கி நீருக்குள் விட்டார். அது ஒரு கணம் நின்று, பின்பு இருளுக்குள் மறைந்தது.

“சட்டம் அனுமதிக்கிறதே, ஏன் விட்டுவிட்டீர்கள்?” என்று கேட்டேன்.

“இது இன்னும் கடலைக் கண்டதில்லை” என்றார் அவர்.

அவ்வொரு சொல்லின் பொருளைப் பின்னர்தான் முழுவதும் உணர்ந்தேன். செப்பிலி ஏறத்தாழ அரை மீட்டர் நீளம் வளர்ந்த பிறகே இனம் பெருக்கும் பருவத்தை எய்துகிறது என்பது குவீன்ஸ்லாந்தில் நடந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. அதற்குள் அது பெரும்பாலும் ஆற்றை விட்டுக் கடலுக்குச் சென்றுவிடும். ஆகவே ஆற்றில் தூண்டிலில் சிக்கும் செப்பிலிகளில் ஏறக்குறைய எல்லாமே ஒருமுறையேனும் முட்டையிடாத இளமீன்கள்! பார்வைக்கு அவை கொழுத்த, முரட்டு மீன்களே. நூலை அறுக்கும் வலிமையும் அவற்றுக்கு உண்டு. எனினும் வாழ்க்கைக் கணக்கில் அவை குழந்தைகள். சட்டம் குறித்த 35 சென்டிமீட்டர் அளவுக்கும் இனம் பெருக்கும் அளவுக்கும் இடையே ஒரு சாண் நீளத்துக்கு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைச் சட்டம் காக்கவில்லை. ஒரு மனிதரின் அறிவு காத்தது.

மீனின் வயதை எவ்வாறு அறிகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். மீனின் தலைக்குள், செவியின் பகுதியில், சுண்ணாம்பாலான சிறு கற்கள் உண்டு. அவற்றைச் செவிக்கல் என்போம். மரத்தின் அடியில் ஆண்டு வளையங்கள் தோன்றுவது போலவே செவிக்கல்லிலும் ஆண்டுதோறும் ஒரு வளையம் படிகிறது. கல்லை மெல்லிய தகடாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்து எண்ணினால் வயது புலனாகும். கடற்பாறையில் பிடிபட்ட பெரிய செப்பிலி ஒன்றின் செவிக்கல்லை ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் காட்டினார்கள். வளையங்களை எண்ணத் தொடங்கினேன். பத்து, இருபது என்று ஏறி, முப்பதையும் கடந்தது எண்ணிக்கை. என் வகுப்பில் அமர்ந்திருந்த எந்த மாணவனையும்விட அந்த மீன் வயதில் மூத்தது. மெதுவாக வளர்ந்து, காலந்தாழ்ந்து பருவமெய்தி, நெடுநாள் வாழ்ந்து, பல ஆண்டுகள் முட்டையிட்டுத் தன் இனத்தைக் காப்பது இம்மீனின் வழி. நூறாயிரம் குஞ்சுகளில் ஒன்றிரண்டே பிழைக்கும் உலகில், பல ஆண்டு முட்டையிட்டால்தான் ஏதேனும் ஓர் ஆண்டில் நல்வாய்ப்புக் கிட்டும். அவ்வழியை இடையில் அறுத்துவிட்டால், அழிந்ததை ஈடுசெய்யப் பல்லாண்டு வேண்டும்.

‘அப்படியானால் கடலுக்குச் சென்று முதிர்ந்த மீனைப் பிடித்து விட்டுவிடலாமே’ என்று தோன்றும். அங்கே வேறோர் இடர் காத்திருக்கிறது. மீனின் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று உண்டு. நீரில் மூழ்காமலும் மிதந்து எழாமலும் நிற்க அது துணைசெய்கிறது. கெண்டை முதலான மீன்களுக்கு அப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. மிகையான காற்றை வாய்வழியே வெளியேற்றிவிடும். செப்பிலிக்கு அத்தகைய குழாய் இல்லை. 50 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடற்பரப்பில் உள்ளதைப் போல் ஆறு மடங்கு. அங்கிருந்து மீனை விரைவாக மேலே இழுத்தால், பைக்குள் இருக்கும் காற்று ஆறு மடங்கு விரியும். வயிறு உப்பும், கண் பிதுங்கும், இரைப்பை வாய்வழியே தள்ளும். அந்நிலையில் மீனை நீரில் விட்டாலும் அதனால் கீழே செல்ல இயலாது. மேலே மிதந்தபடியே பறவைக்கோ சுறாவுக்கோ இரையாகும். இதனை அறிந்த தூண்டிலாளர்கள், தாடையில் பளுவான ஈயத்தை மாட்டி மீனை மீண்டும் ஆழத்துக்கே இறக்கி விடுகிறார்கள். ஆழத்தின் அழுத்தம் காற்றை மறுபடி சுருக்க, மீன் தெளிவுபெற்று நீந்திச் செல்ல வாய்ப்பு உண்டாகிறது. எய்தவனே அம்பையும் பிடுங்கி மருந்திடும் செயல் போன்றது இது.

இங்கே நேயர்கள் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. பசிக்காகப் பிடிப்பதை ஏற்கலாம். விளையாட்டுக்காக ஓர் உயிரை முள்ளில் மாட்டிப் பின்பு விட்டுவிடுவது என்ன அறம் என்று கேட்பீர்கள். அந்தப் படகில் அமர்ந்திருந்தபோது எனக்கும் அதே எண்ணம் எழுந்தது. இன்றும் என் மனம் அதற்கு முழுவதும் ஒப்பவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும், ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். செப்பிலியின் நடமாட்டத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் ஒரு பகுதி இத்தூண்டிலாளர்களால் கிடைத்ததே. மீனை விடுமுன் அதன் முதுகில் எண் பொறித்த சிறு அடையாளக் குச்சியைச் செருகி, இடத்தையும் நாளையும் அளவையும் எழுதிவைக்கிறார்கள். பிறிதொரு நாள் அதே மீனை வேறொருவர் பிடித்தால் செய்தி ஆய்வாளருக்குச் செல்கிறது. இவ்வாறு திரட்டிய கணக்கினால் இரண்டு செய்திகள் வெளிப்பட்டன. இளஞ்செப்பிலிகள் பெரும்பாலும் தாம் வாழும் இடத்தைவிட்டு அதிக தூரம் அகலுவதில்லை. கடலை நோக்கிப் புறப்பட்டவையோ நெடுந்தொலைவு செல்லக்கூடும். ஒரு மீன் அடையாளமிட்ட இடத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால் மீண்டும் பிடிபட்டது. ஒரே மரத்தடியில் ஆண்டுக்கணக்கில் வாழும் மீனை, நாள்தோறும் அம்மரத்தடிக்கே வந்து பிடிப்பது எவ்வளவு எளிது என்பதை முதற்செய்தி எச்சரிக்கிறது. ஓர் ஆற்றைக் கெடுத்தால் எங்கோ தொலைவிலுள்ள பாறையில் மீன் குறையும் என்பதை இரண்டாம் செய்தி உணர்த்துகிறது.

தூண்டிலாளன் மீனை விட்டுவிடுவதால் மட்டும் செப்பிலி பிழைத்துவிடாது. ஆற்றின் குறுக்கே அணையொன்று எழுந்தால், மேலே செல்ல வேண்டிய குஞ்சுக்கும் கீழே வரவேண்டிய மீனுக்கும் வழி அடைபடும். அதே மாநிலத்தில் ராக்ஹாம்ப்டன் நகரருகே ஃபிட்ஸ்ராய் ஆற்றில் கடல்நீர் புகாமல் தடுக்கும் அணையில் மீன்கள் ஏறிச்செல்லத் தனி வழி அமைத்திருந்தார்கள். முதலில் அமைத்த வழி அந்நாட்டு மீன்களுக்குப் பொருந்தவில்லை. ஆகவே 1990-களில் அதனை மாற்றிக் கட்டினார்கள். மீனுக்காக மனிதன் தன் கட்டடத்தைத் திருத்திக்கொண்டதற்கு இஃதொரு நல்ல சான்று. கண்டல் மரங்களை அனுமதியின்றி வெட்டுவதை 1994-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் அங்கே தடுக்கிறது. பெரும் பவளத்திட்டுப் பூங்காவில் மூன்றிலொரு பகுதியை 2004-இல் மீன்பிடிப்புக்கு அப்பாற்பட்டதாக அறிவித்தார்கள். இவ்வாறு தொட்டிலையும் வீட்டையும், இரண்டுக்கும் இடைப்பட்ட பாதையையும் ஒருசேரக் காத்தாலன்றிச் செப்பிலிக்கு வாழ்வில்லை.

நம் கரைக்கும் இந்தப் பாடம் பொருந்தும். பிச்சாவரத்தின் கண்டற் காடுகளைப் படகில் சுற்றிப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அவ்வேர்களுக்கிடையே பட்டைகள் அணிந்த சிறு செப்பிலிகளும் வாழ்கின்றன. மன்னார் வளைகுடாவின் பவளத் தீவுகளை 1986-இல் தேசியப் பூங்காவாக ஆக்கினார்கள். பாறையைக் காத்தது நன்று. ஆனால் பாறையில் வாழும் மீனின் பிள்ளைப்பருவம் கழிமுகத்தில் கழிகிறது என்பதை மறந்து, கழிமுகங்களில் கழிவைக் கொட்டி, கண்டலை வெட்டி, ஆற்று முகத்தை மணல் மூட விட்டால், காத்த பாறையும் வெறும் பாறையாகவே நிற்கும். நம் கரையில் தூண்டில் பெரும்பாலோர்க்கு விளையாட்டன்று, பிழைப்பு. ஆகவே மீன் குறைந்தால் ஒருவர் மாலைப்பொழுது வீணாவதோடு முடியாது. ஒரு குடும்பத்தின் உலை ஆறிவிடும்.

மாணவர்களே! அடுத்த முறை சந்தையில் செப்பிலியைக் காணும்போது விலையைக் கேட்குமுன் அதன் நீளத்தைப் பாருங்கள். ஒரு முழத்துக்கு மிகக் குறைந்திருந்தால், பெரும்பாலும் அது கடற்பாறைக்குத் திரும்பாமலே கூடைக்கு வந்த மீன் என்று அறிந்துகொள்ளுங்கள். பிடித்தவரை நோக வேண்டா. அவருக்கு அதனைச் சொன்னவர் யாருமில்லை. இன்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கரையூரில் உங்களுக்கு மாமனோ சித்தப்பாவோ இருந்தால், அவரோடு அமர்ந்து இதைப் பேசுங்கள். அவர் அறிந்த கடலை அவர் உங்களுக்குச் சொல்வார். நீங்கள் கற்ற செவிக்கல்லை அவருக்குச் சொல்லுங்கள். ஜான்ஸ்டன் ஆற்றில் நண்பர் விட்ட மீன் இப்போது கடலை அடைந்திருக்கக்கூடும் என்று நான் சில வேளைகளில் நினைத்துக்கொள்வதுண்டு. அப்படி அடைந்திருந்தால், அதன் செவிக்கல்லில் ஆண்டுக்கொரு வளையம் இன்னும் படிந்துகொண்டிருக்கும்.